வாரண்டி முடிந்த மறுமாதம்: நம் வீட்டு பேட்டரியின் கதை



போன மாதம் மட்டும் உங்களில் நான்கு பேர் தனித்தனியாக எனக்கு ஒரே புகாரை எழுதியிருந்தீர்கள். "சார், யு.பி.எஸ். பேட்டரிக்கு மூன்று வருஷம் வாரண்டி. மூன்று வருஷம் முடிந்து நாற்பதாவது நாள் போய்விட்டது. அது எப்படி சார் அவ்வளவு கணக்காகப் போகிறது?" ஒருவர் சிங்கப்பூரிலிருந்து எழுதியிருந்தார். அறந்தாங்கியில் இருக்கும் அம்மா அப்பாவுக்காக அவர் வாங்கிக் கொடுத்த பேட்டரி அது. உள்ளே ஏதோ டைமர் வைத்துத்தான் விற்கிறார்கள் என்பது அவர் கட்சி.

நான் வரலாற்று வாத்தியார். பேட்டரிக்கு வைத்தியம் பார்க்கத் தெரியாது. ஆனால் இந்தச் சந்தேகத்துக்கு நூறு வருஷ வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதி நாம் எல்லோரும் சேர்ந்து இருட்டில் உட்கார்ந்து அனுபவித்த வரலாறு. வழக்கம்போல நீளமாகத்தான் எழுதுவேன். காப்பி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் சிங்கப்பூர்த் தம்பியின் கட்சிக்கு வருகிறேன். பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைத்து விற்பார்களா? விற்றிருக்கிறார்கள். 1924 டிசம்பரில் ஜெனீவாவில் உலகின் பெரிய மின்விளக்குக் கம்பெனிகள் கூடி ஒரு ரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டன. ஜெர்மனியின் ஓஸ்ராம், ஹாலந்தின் பிலிப்ஸ், பிரான்சின் விளக்குக் கம்பெனி, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கோடு தொடர்புள்ள கம்பெனிகள் எல்லாம் அதில் இருந்தன. அந்தக் கூட்டணிக்கு ஃபீபஸ் என்று பெயர். அது கிரேக்கர்களின் சூரிய தேவன் பெயர். பெயர் வைப்பதில் குறை வைக்கவில்லை! அதுவரை 1,500 மணி நேரம், 2,000 மணி நேரம் எரிந்த பல்புகளை 1,000 மணி நேரத்துக்குக் கொண்டுவருவது அவர்கள் முடிவுகளில் ஒன்று. ஒவ்வொரு கம்பெனியும் தன் பல்புகளை சுவிட்சர்லாந்தில் இருந்த சோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். எவனுடைய பல்பு அதிக நேரம் எரிந்ததோ அவனுக்கு அபராதம். நன்றாகப் படித்த பையனுக்குப் பிரம்படி என்பதுபோல. இரண்டாம் உலகப் போர் வந்துதான் இந்தக் கூட்டணி கலைந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நீண்ட நாள் எரியும்படி செய்த பல்பு மங்கலாக எரியும். அதே வெளிச்சத்துக்கு அதிகக் கரண்டு தின்னும். அமெரிக்காவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு பல்பு எரிந்துகொண்டிருப்பதாக வாட்ஸ்அப்பில் வருமே, அது உண்மைதான். ஆனால் அந்த வெளிச்சத்தில் நீங்கள் பேப்பர் படிக்க முடியாது. நாலு வாட் அளவுக்குத்தான் எரிகிறது. 1951இல் பிரிட்டனில் ஏகபோகங்களை விசாரித்த குழுவும், ஆயுளுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே 1,000 மணி நேரம் என்பது நியாயமான சமரசமாக இருக்கலாம் என்றுதான் எழுதியது. என் தீர்ப்பு வேறு. சமரசம் நியாயமானது என்றால் அதை ஏன் மூடிய அறைக்குள் செய்தார்கள்? வாங்குகிறவனிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாமே.

1932இல் நியூயார்க்கில் பெர்னார்ட் லண்டன் என்ற வீட்டுமனைத் தரகர் இதைவிட ஒரு படி மேலே போனார். பொருளாதார மந்தத்தைத் தீர்க்க ஒவ்வொரு பொருளுக்கும் அரசாங்கமே ஆயுள் நிர்ணயிக்க வேண்டும், அந்தத் தேதிக்குப் பிறகு அந்தப் பொருள் சட்டப்படி செத்தது என்று அறிவிக்க வேண்டும் என்று சிறு புத்தகமே போட்டார். அதை யாரும் சட்டமாக்கவில்லை. ஆனால் சந்தேகம் மட்டும் உலகம் முழுக்கத் தங்கிவிட்டது. ஆகவே தம்பி, உங்கள் சந்தேகம் மூடத்தனம் அல்ல. அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது.

இனி நம் பேட்டரிக்கு வருவோம்.

நம் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெட்டி 1859இல் பிறந்தது. கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் வைத்துச் செய்தார். 1881இல் காமில் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தகட்டின்மேல் ஈயப் பசையைப் பூசி அதன் திறனைக் கூட்டினார். அதன்பின் எத்தனையோ திருத்தங்கள் வந்தாலும் அடிப்படை அதேதான். ஈயம், அமிலம், தண்ணீர். 1859இன் வேதியியலைத்தான் நாம் இன்றும் ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து வீட்டுக்குத் தூக்கி வருகிறோம்.

பள்ளியில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த வேதியியல் ஆசிரியர் ஒருமுறை சொன்னதை அப்படியே தருகிறேன். பேட்டரி கரண்டைக் கொடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் என்ற வெள்ளைப் பொருள் படிகிறது. சார்ஜ் ஏறும்போது அது மறுபடி கரைகிறது. படிந்ததை உடனே கரைத்துவிட்டால் பிழைத்தது. கரைக்காமல் நாள் கணக்கில் விட்டால் அது கட்டிப் படிகமாக இறுகிவிடும்; அப்புறம் கரையாது. அந்த அளவுக்குப் பேட்டரி செத்துப்போகிறது. "சாப்பிட்ட பாத்திரத்தை அன்றைக்கே கழுவணும் சார், ஒரு வாரம் போட்டு வைத்தால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் இல்லையா, அதுதான்" என்றார். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறந்தாங்கி வரலாறு முழுக்க இதில்தான் இருக்கிறது.

எங்கள் சிறுவயதில் கரண்டு போனால் மாற்று ஏற்பாடு என்பது அரிக்கேன் விளக்கும் சிம்னி விளக்கும்தான். கல்யாண வீட்டில் பெட்ரோமாக்ஸ். ரேஷன் கடை மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதை உங்களில் பலர் உங்கள் அப்பாவிடம் கேட்டிருப்பீர்கள். எண்பதுகளுக்குப் பிறகு வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் எமர்ஜென்சி லைட் கொண்டுவந்தார்கள். அது போனால் அலமாரியில் அழகுக்கு இருக்கும். யாரும் வாரண்டி கேட்டதில்லை. அறந்தாங்கிச் சாதாரண வீட்டுக்கு யு.பி.எஸ். என்ற சொல் வந்தது 2008க்குப் பிறகுதான்.

அந்த வருஷம் நவம்பர் முதல் தமிழ்நாட்டில் மின்கட்டுப்பாடு அதிகாரபூர்வமாக வந்தது. தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாடு, வீடுகளுக்குச் சுழற்சி முறையில் மின்வெட்டு. தேவை வேகமாக வளர்ந்துவிட்டது, புதிய மின்நிலையங்கள் குறித்த காலத்தில் முடியவில்லை. காற்றாலையை நம்பினால் அது மே முதல் செப்டம்பர் வரைதான் நன்றாகக் கைகொடுக்கும். வடக்கே மின்சாரம் மிச்சமிருந்தால்கூடக் கொண்டுவரப் போதுமான வழித்தடம் இல்லை. தென்மாநிலங்களின் மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு முழுமையாக இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்றுதான், ராய்ச்சூர் – சோலாப்பூர் பாதை வழியாக.

இடையில் வந்த 2012ஐ மறக்க முடியுமா? அந்த பிப்ரவரிக் கடைசியில் அறிவித்த கணக்கு சென்னைக்கு 2 மணி நேரம், மற்ற ஊர்களுக்கு 4 மணி நேரம். அறிவித்தது 4. அறந்தாங்கியில் நாம் அனுபவித்தது எவ்வளவு என்று அந்த வருஷம் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர்கள் சொல்லுங்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒரு நாளில் பாதிக்கு மேல் இருட்டு. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். ராத்திரியிலும் அதே கதை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீங்கள் எழுதிய விடைத்தாள்களில் மெழுகு சொட்டியிருந்ததை நான் திருத்தியிருக்கிறேன். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் இலவசமாக வீட்டுக்கு வந்து இறங்கிய காலமும் அதுவேதான். மாவாட்டக் கரண்டு வரும் நேரத்துக்காக நம் வீட்டுப் பெண்கள் அலாரம் வைத்து எழுந்தார்கள்.

அந்த வருஷம்தான் நானும் ஒரு யு.பி.எஸ். வாங்கினேன். நம் தெருவில் பாதிப்பேர் வாங்கினோம். கடையில் முன்பணம் கட்டிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம். 150 ஏ.எச். பேட்டரி ஒன்று முழுதாகச் சார்ஜ் ஏறப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தொடர்ந்து கரண்டு வேண்டும். ஒரு மணி விட்டு ஒரு மணி வரும் ஊரில் அது எங்கே ஏறும்? இத்தனைக்கும் நாம் கல்லணைக் கால்வாய்க்கு மட்டும் கடைமடை இல்லை, மின்சாரத்துக்கும் கடைமடைதான். வருகிற நேரத்திலும் வோல்டேஜ் குறைவு. பேட்டரி பாதி வயிற்றோடு வேலைக்குப் போய், காலி வயிற்றோடு திரும்பி, மறுபடி பாதி வயிற்றோடு போகும். கழுவாத பாத்திரம்.

என் பேட்டரி 22ஆம் மாதம் படுத்துவிட்டது. அது வாரண்டிக்குள் இருந்ததால் புதியது கொடுத்தார்கள். அப்போது தெருவில் பலருக்கும் இதே அனுபவம். அந்தக் காலத்தில் யாரும் "வாரண்டி முடிந்ததும் போகிறது" என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். வாரண்டிக்கு முன்பே போய்க்கொண்டிருந்தது!

2014 ஜூன் முதல் மின்கட்டுப்பாடுகள் விலகுவதாக அரசு அறிவித்தது. கூடங்குளத்தின் முதல் அலகு அதற்கு முந்தைய அக்டோபரில் மின்தொகுப்போடு இணைந்திருந்தது, வடக்கோடு வழித்தடமும் கிடைத்திருந்தது. கரண்டு நின்றது. போகாமல் நின்றது என்று சொல்கிறேன். அதே வகை பேட்டரி இப்போது ஐந்து வருஷம், ஆறு வருஷம் ஓட ஆரம்பித்தது. மாதத்துக்கு ஒருமுறை ஷட்டவுன், மழைக்காலத்தில் கொஞ்சம். அவ்வளவுதான் வேலை.

அட்டை அதேதான், 36 மாதம். ஆனால் 2012இன் 36 மாதமும் 2015இன் 36 மாதமும் பேட்டரிக்கு ஒன்றல்ல. வாரண்டி அட்டை காலண்டரைப் பார்த்து எண்ணுகிறது. பேட்டரியோ தான் எத்தனை முறை காலியானது, எவ்வளவு ஆழம் காலியானது, எவ்வளவு நாள் காலியாகவே கிடந்தது என்று எண்ணுகிறது. அதோடு வெயிலையும் எண்ணுகிறது. நம் நாட்டில் பேட்டரியின் திறனை 27 டிகிரி வெப்பத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் சுமார் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது அந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. சித்திரை மாதம் அறந்தாங்கியில், தகரக் கொட்டகைக்குக் கீழே, 27 டிகிரியை எங்கே போய்த் தேடுவது?

அடுத்து 2018 நவம்பர் 16. கஜா. அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதியிருக்கிறேன், தென்னை விழுந்த கதையெல்லாம் இங்கே வேண்டாம். பேட்டரியை மட்டும் பார்ப்போம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே விடியலுக்கு முன் கரை கடந்த புயல், தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்கள் வழியாக உள்ளே புகுந்து போனது. லட்சக்கணக்கில் மின்கம்பம் சாய்ந்தது. கம்பத்தை நட வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்றில் நின்று வேலை செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவர்களுக்கு நாம் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை. டவுனுக்குள் முதலில் வந்தது. கிராமங்களுக்கு வாரங்கள் ஆனது. தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டரை மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்தோம், செல்போன் சார்ஜ் செய்யக் காசு கொடுத்தோம்.

யு.பி.எஸ். வைத்திருந்தவர்கள் முதல் ராத்திரியே அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார்கள். யார்தான் முடிக்கமாட்டார்கள்? பிறகு அந்தப் பேட்டரிகள் இரண்டு வாரம், மூன்று வாரம் காலியாகவே கிடந்தன. பாத்திரம் காய்ந்து ஒட்டிக்கொண்டது. கரண்டு வந்தபோது பலருடைய பேட்டரி சார்ஜே ஏறவில்லை. வேறு சிலருடையது ஏறியது, ஆனால் நான்கு மணி நேரம் தாங்கியது ஒரு மணி நேரமாகக் குறைந்துவிட்டது. அப்படி முடமானவை மெல்ல இழுத்துக்கொண்டு போய் 2019இல் செத்தன. 2015, 16இல் வாங்கியவர்களுக்கு அது சரியாக வாரண்டி முடிந்த மறுமாதமாக வந்து விழுந்தது. நம் ஊரில் இந்தப் புகார் பரவலாகக் கிளம்பியது அப்போதுதான் என்பது என் ஞாபகம். பல அட்டைகளில் இயற்கைச் சீற்றத்தால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று பொடி எழுத்தில் இருப்பதை அப்போதுதான் பலரும் கண்ணாடி போட்டுப் படித்தார்கள்.

சரி, புயலும் மின்வெட்டும் இல்லாத வருஷங்களில் ஏன் போகிறது?

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவர் பல வருஷமாக பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். அவரிடம் கேட்டேன். "சார், டைமரெல்லாம் இல்லை. ஒரே 150 ஏ.எச்.தான், ஆனால் 24 மாதம், 36 மாதம், 48 மாதம், 60 மாதம் என்று ரகம் ரகமாக வரும். வாரண்டி கூடக் கூடப் பெரும்பாலும் எடையும் கூடும். தூக்கிப் பார்த்தாலே தெரியும். உள்ளே இருக்கிற ஈயம்தான் விலை, ஈயம்தான் ஆயுள்" என்றார். ஆசிட் ஊற்றிய பிறகு தூக்கிப் பார்க்க எனக்கு வயதில்லை. ஆனாலும் அவர் சொன்னது எனக்குப் பெரிய விளக்கமாக இருந்தது. கம்பெனிக்காரர் மூன்று வருஷத்துக்கு எவ்வளவு ஈயம் வேண்டுமோ அவ்வளவு போடுகிறார். அதற்கு மேல் போட்டால் அவருக்கு நஷ்டம், குறைத்துப் போட்டால் மாற்றிக் கொடுத்தே நஷ்டம். அளந்து போடுகிறார்.

இதை வகுப்பறைக் கணக்காகச் சொல்கிறேன். நூறு பேட்டரி விற்றால் எந்தெந்த மாதத்தில் எத்தனை போகும் என்று தயாரிப்பவரிடம் வருஷக்கணக்கில் பதிவு இருக்கும். திரும்பி வருகிற ஒவ்வொன்றும் அவர் கையில்தானே போகிறது? அதைப் பார்த்து, சில மட்டுமே போயிருக்கும் ஒரு மாதத்தில் கோடு கிழித்து, அதுவரை வாரண்டி என்கிறார். அப்படியானால் மீதி எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் போயாக வேண்டும். வேறு வழியே இல்லை. கோட்டைத் தாண்டி நாற்பதாம் நாள் போனவர் எனக்கு எழுதுகிறார். ஆறு வருஷம் ஓடியவர் எழுதுவதில்லை. அவர் அதை மறந்தே போயிருப்பார்.

ஆகையால் டைமர் கட்சியை நான் ஏற்கவில்லை. ஆனால் கம்பெனிகளுக்குச் சான்றிதழும் கொடுக்கமாட்டேன். எனக்கு உறுத்துவது வேறு இடம். சொந்தத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆவுடையார்கோவில் பக்கம் இருக்கும் என் பெரியம்மா மகளுக்கு, எனக்கு அக்கா முறை, வயது 74. ஆஸ்துமா. ராத்திரியில் மூச்சு முட்டினால் நெபுலைசர் வைத்தாக வேண்டும். கரண்டு இல்லாத ராத்திரி யு.பி.எஸ்.தான் அவருக்கு மூச்சு. குடும்ப பென்ஷனில் மாதாமாதம் மிச்சம் பிடித்து பேட்டரி வாங்கினார். 36 மாதம் முழு வாரண்டி, அதன்பின் 24 மாதம் புரோ ரேட்டா என்று அட்டையில் போட்டிருந்தது. மொத்தம் 60 மாதம் என்று கடையில் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். 39ஆம் மாதம் போய்விட்டது. "அஞ்சு வருஷம்னு சொன்னாங்களேப்பா" என்று எனக்குப் போன் செய்தார். மருமகனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கணக்குப் போட்டார். தொகையைப் புரிவதற்காக முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். புதிய பேட்டரியின் எம்.ஆர்.பி. 20,000 என்று வையுங்கள். புரோ ரேட்டாவில் அதில் 20 சதவீதம் தள்ளுபடி, ஆக 16,000 கட்ட வேண்டும். பழைய பேட்டரியைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். நல்லது. ஆனால் வாரண்டி எதுவும் பேசாமல் அதே கடையில் அதே பேட்டரியைப் புதிதாகக் கேட்டால் 15,000க்குத் தருகிறார்கள், ஏனென்றால் எம்.ஆர்.பி.க்கு யாரும் விற்பதில்லை. அதோடு பழைய பேட்டரிக்கு ஈய விலையாக இரண்டு மூவாயிரம் கழித்தும் தருகிறார்கள். ஆக வாரண்டியைப் பயன்படுத்தினால் 16,000. பயன்படுத்தாமல் விட்டால் 12,000 அல்லது 13,000! அதிலும் வாரண்டியில் கொடுக்கும் பேட்டரிக்குப் பழைய அட்டையில் மிஞ்சிய மாதங்கள்தான் கணக்கு என்றார்கள். புதிதாக வாங்கினால் புதிய அட்டை. அக்காவுக்கு நான் எப்படி விளக்குவது? "அப்போ அந்த ரெண்டு வருஷம் எதுக்குப்பா போட்டிருக்கு?" என்றுதான் கேட்டார். கடைக்காரரே சிரித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அட்டையை அவர் அச்சடிக்கவில்லை.

புதிதாகத்தான் வாங்கினோம். இந்த முறை மாடிப்படிக்கு அடியிலிருந்து எடுத்து, காற்றோட்டமான வடக்கு வராந்தாவில் வைத்தோம்.

இதுதான் எனக்கு உறுத்துகிறது. 36+24 என்பதை 60 என்று கூட்டிச் சொல்லி விற்கிறார்கள். முதல் எண் பேட்டரியைப் பற்றியது, இரண்டாவது எண் விளம்பரத்தைப் பற்றியது. இதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். "36க்குப் பிறகு ஒரு மாதத்தில் போனால் நான் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேளுங்கள். ரூபாயில் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று வழக்கறிஞர்களாகிவிட்ட மாணவர்கள் என்னைத் திருத்தலாம். நான் படித்த அளவில், வாரண்டி அட்டை இல்லாத காலத்திலும் வாங்குகிறவனுக்குப் பாதுகாப்பு இருந்தது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே, விற்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சொல்லாமலே அடங்கியிருக்கிறது. ஆனால் ஒரு பேட்டரிக்காக யார் சிவில் கோர்ட்டுக்குப் போவார்கள்? 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் சாமானியன் கதவைத் தட்ட முடிந்தது. அது 2019இல் புதுப்பிக்கப்பட்டு 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணமே கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். நமக்கு புதுக்கோட்டையில் ஆணையம் இருக்கிறது. அதற்கு முன்னால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து பார்க்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

இதில் நம் ஆட்கள் தோற்பது பெரும்பாலும் தேதியில்தான். பேட்டரி ஒரே நாளில் சாவதில்லை. மூன்று மணி நேரம் தாங்கியது இரண்டாகும், அப்புறம் அரை மணியாகும். 33ஆம் மாதமே அது நொண்டத் தொடங்கியிருக்கும். "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று நாம் விட்டுவிடுவோம். மின்வெட்டு இல்லாத காலத்தில் அது நொண்டுவதே நமக்குத் தெரியாது. பரீட்சை வைக்காத வகுப்பில் யார் படிக்கவில்லை என்று எப்படித் தெரியும்? நாற்பதாம் மாதம் ஒரு மழை ராத்திரியில் நான்கு மணி நேரம் கரண்டு போகும்போதுதான் குட்டு உடைகிறது. அன்றைக்குத்தான் போனது என்று நினைக்கிறோம். நான் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மாலை, மெயினை அணைத்துவிட்டு இரண்டு ஃபேன், இரண்டு லைட்டை ஓடவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று டைரியில் குறித்து வைக்கிறேன். உங்கள் ஆசிரியைக்கு, அதாவது என் வீட்டம்மாவுக்கு, இது பிடிப்பதில்லை; சீரியல் நேரம் தவிர்த்து வைத்துக்கொள் என்று உத்தரவு. அந்த நேரம் குறைகிறது என்று தெரிந்தால் வாரண்டிக்குள்ளேயே புகார் கொடுத்து, புகார் எண்ணை எழுதி வாங்கிவிட வேண்டும். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால் அது கணக்கில் வராது.

டிஸ்டில்டு வாட்டர் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மிதவை கீழே இறங்கும்வரை விடாதீர்கள். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊருக்குப் போகும்போது யு.பி.எஸ்.ஸை அணைத்து, மெயினையும் அணைத்துவிட்டு மாதக்கணக்கில் போகிறீர்களே வெளிநாட்டு உறவுகளே, பூட்டிய வீட்டில் அந்தப் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிக் காய்கிறது. பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்போது லித்தியம் வந்துவிட்டது. தண்ணீர் வேண்டாம், எடை குறைவு, விலை கூடுதல். அவற்றில் சிலவற்றின் அட்டையில் வருஷத்தோடு எத்தனை சுற்று என்றும் போட ஆரம்பித்திருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. 2012இல் நம் பேட்டரிகளுக்கு அப்படி ஒரு அட்டை இருந்திருந்தால் தெருவில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

ஒரு வேலை தருகிறேன், வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் எந்தப் பேட்டரி போகிறது என்ற கணக்கு கம்பெனியிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. இந்தப் பதிவைப் படிப்பவர்கள் எப்படியும் முந்நூறு பேர் இருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பேட்டரி வாங்கிய மாதம், வருஷம், எத்தனை மாத வாரண்டி, எந்த மாதம் போனது, வீட்டில் எந்த இடத்தில் வைத்திருந்தீர்கள், எந்த ஊர் என்று கீழே எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், சண்டை வரும். இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருப்பவர்களும் கட்டாயம் எழுத வேண்டும். சிங்கப்பூர்த் தம்பி, நீங்கள் உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். மணமேல்குடி, மீமிசல் பக்கம் கடற்கரையில் இருப்பவர்கள் டெர்மினலில் உப்புப் பூக்கிறதா என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பொங்கலுக்குள் எல்லாவற்றையும் ஒரு பழைய மார்க் ரிஜிஸ்டரில் பத்தி பத்தியாக எழுதி, இங்கேயே போட்டோ எடுத்துப் போடுகிறேன்.